மத்தியானம் மட்டும் நின்றுபோகும் கம்ப்யூட்டர்

"அண்ணே, மறுபடியும் நீலத்திரை வந்திருச்சுண்ணே. இன்னைக்கு மட்டும் மூணு தடவை. நாளைக்கு ஆல்பம் பிரிண்டுக்குப் போகணும்."

மதுரை சிம்மக்கல்லில் ஒரு மாடி அறையில் கல்யாண ஆல்பம் வடிவமைக்கும் தம்பி ஒருவர், சித்திரை மாதத்தில் ஒருநாள் போனில் சொன்னது இது. அதற்கு முந்தைய இரண்டு மாதத்துக்குள் அவர் விண்டோஸை இரண்டு முறை ஃபார்மட் போட்டுவிட்டார். எஸ்.எம்.பி.எஸ்.ஸை (கேபினட்டுக்குள் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) மாற்றிவிட்டார். புதிதாக எஸ்.எஸ்.டி. வாங்கிப் போட்டுவிட்டார். காலையில் கம்ப்யூட்டர் நன்றாக ஓடும். மத்தியானம் பன்னிரண்டைத் தாண்டினால் நீலத்திரை (விண்டோஸ் நின்றுபோகும்போது வரும் பிழைத்திரை) வந்து நின்று நின்று போகும். ராத்திரி மறுபடியும் ஒழுங்காக ஓடும்.

கடைசியில் பார்த்தால் விஷயம் ராமில் இருந்தது. ராம் கெட்டுப்போகவில்லை. தாங்க முடியாத வேகத்தில் அது ஓடிக்கொண்டிருந்தது. சரிசெய்ய ஒரு பைசா செலவாகவில்லை. உங்கள் கம்ப்யூட்டரும் இப்படிக் காரணம் தெரியாமல் படுத்தினால், ஃபார்மட் போடுவதற்கும் புதுப் பாகம் வாங்குவதற்கும் முன்னால் ஒரு பத்து நிமிடம் ஒதுக்கி இதைப் பார்த்துவிடுங்கள். எப்படிப் பார்ப்பது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில், ராம் என்பது என்ன? நீங்கள் இப்போது திறந்துவைத்திருக்கும் படம், அதைத் திறந்த மென்பொருள், பின்னால் ஓடும் விண்டோஸ் எல்லாம் வேலை முடியும் வரை தங்கியிருக்கும் இடம் அது. கேபினட்டைத் திறந்தால் மதர்போர்டில் நிமிர்ந்து நிற்கும், ஒரு சாணுக்கும் குறைந்த நீளமுள்ள பட்டைகள்தான் அவை. கடையில் ஸ்டிக் என்பார்கள். கரண்ட் போனால் அதில் இருப்பது அத்தனையும் போய்விடும். நிரந்தரமாக வைத்திருப்பது எஸ்.எஸ்.டி.யின் வேலை.

ராமுக்குள் கோடி கோடியாகக் குடங்கள் அடுக்கியிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்குப் பதில் மின்னூட்டம். நிறைகுடம் என்றால் 1, காலிக் குடம் என்றால் 0. உங்கள் படம், எழுத்து, கணக்கு எல்லாமே இந்த 1, 0 வரிசைதான். ஆனால் அத்தனையும் ஓட்டைக் குடங்கள். விட்டுவிட்டால் வற்றிவிடும். அதனால் கம்ப்யூட்டர் ஓயாமல் சுற்றிவந்து நிரப்பிக்கொண்டே இருக்கிறது. டி.டி.ஆர்.4 வகை ராமில் 64 மில்லிநொடிக்கு (ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மில்லிநொடி) ஒரு சுற்று, டி.டி.ஆர்.5 வகையில் 32 மில்லிநொடிக்கு ஒரு சுற்று.

சூடு ஏறினால் கசிவு கூடும். ராம் சில்லுகளின் சூடு 85 டிகிரியைத் தாண்டினால் இருமடங்கு விரைவாக நிரப்ப வேண்டும் என்று தரவிதியே சொல்கிறது. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மத்தியானக் கதைக்கு இதுதான் பாதி விடை.

மீதிப் பாதி வேகத்தில் இருக்கிறது. ராம் அட்டையில் 3200, 6000 என்று ஒரு எண் இருக்கும். அது என்ன? ஒவ்வொரு கம்பியிலும் ஒரு நொடிக்கு எத்தனை பத்து லட்சம் முறை தகவல் போய்வருகிறது என்ற கணக்கு. 6000 என்றால் நொடிக்கு 600 கோடி முறை. அத்தனை முறையும் 1 என்பது 1 ஆகவும், 0 என்பது 0 ஆகவும் போய்ச் சேர்ந்தால்தான் கம்ப்யூட்டர் ஓடும்.

இந்த வேகத்துக்கு ஒரு பொதுத்தரம் உண்டு. ஜெடெக் (சில்லுத் தொழிலில் இருக்கும் நிறுவனங்கள் கூடித் தரம் வகுக்கும் அமைப்பு) வகுத்தது அது. டி.டி.ஆர்.4 என்றால் அதிகபட்சம் 3200, மின்னழுத்தம் 1.2 வோல்ட். டி.டி.ஆர்.5 வந்தபோது பரவலாக விற்ற பொதுத்தர ஸ்டிக்குகள் 4800 வேகத்தில், 1.1 வோல்ட்டில் ஓடின. இதற்கு மேல் வேகமாக விற்கும் ஸ்டிக்குகளில் தயாரித்தவர் இன்னொரு குறிப்பையும் சேர்த்து எழுதிவைத்திருப்பார்: இத்தனை வேகம், இத்தனை வோல்ட். இன்டெல் 2007இல் கொண்டுவந்த அந்த முறைக்கு எக்ஸ்.எம்.பி. என்று பெயர். ஏ.எம்.டி. 2022இல் கொண்டுவந்ததற்கு எக்ஸ்போ என்று பெயர். 6000 என்று விற்கும் ஸ்டிக்குகள் பல 1.35 வோல்ட் கேட்கும். பொதுத்தரமான 1.1ஐ விட அது எவ்வளவு கூடுதல் என்று பாருங்கள். கூடுதல் வோல்ட் என்றால் கூடுதல் சூடு.

"நான் ஓவர்கிளாக் (பிராசஸரும் பொதுத்தரமும் உறுதி சொல்லும் வேகத்தைத் தாண்டி ஓட்டுவது) எதுவும் செய்யவில்லையே, கடையில் கொடுத்தபடிதானே வைத்திருக்கிறேன்?" என்று கேட்பீர்கள். பத்தில் எட்டுப் பேர் என்னிடம் சொல்வது இதைத்தான். அவர்கள் சொல்வதும் உண்மைதான். அசெம்பிள் செய்து கொடுக்கிறவர் எக்ஸ்.எம்.பி.யையோ எக்ஸ்போவையோ ஆன் செய்து, ஓடுகிறதா என்று அரைமணி நேரம் பார்த்துவிட்டுக் கொடுத்திருப்பார். அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. நீங்கள் காசு கொடுத்த வேகம் உங்களுக்குக் கிடைக்கட்டும் என்றுதான் செய்கிறார். ஆனால் இன்டெல்லும் சரி, ஏ.எம்.டி.யும் சரி, இதை ஓவர்கிளாக்கிங் கணக்கில்தான் வைத்திருக்கின்றன.

இது புதுக் கதையும் இல்லை. மைக்ரோசாஃப்டில் நெடுங்காலம் வேலை செய்யும் ரேமண்ட் சென் 2005இல் எழுதியிருக்கிறார். விண்டோஸ் நின்றுபோகும்போது வந்து சேரும் அறிக்கைகளில் சில அவர்களுக்குப் புரியவே இல்லை. ஓர் எண்ணைப் பூஜ்யமாக்கு என்ற, தவறவே வழியில்லாத கட்டளையில் போய்க் கம்ப்யூட்டர் நின்றிருக்கிறது. விசாரித்துப் பார்த்தால், அந்தக் கம்ப்யூட்டர்களில் பல ஓவர்கிளாக் செய்யப்பட்டவை. வைத்திருந்தவர்களில் சிலருக்கு அது தெரியவே தெரியாது. வாங்கின சிறு கடையிலேயே வேகத்தை ஏற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.

அப்படியானால் அட்டையில் 6000 என்று போட்டிருப்பது பொய்யா? பொய் இல்லை. அது ஸ்டிக் தயாரித்தவர் தன் ஸ்டிக்குக்கு மட்டும் கொடுக்கும் வாக்கு. வேகம் மூன்று பேர் கையில் இருக்கிறது: ஸ்டிக், மதர்போர்டு, பிராசஸர். ராமோடு பேசும் பகுதி இன்றைக்குப் பிராசஸருக்குள்ளேயே இருக்கிறது. ஏ.எம்.டி.யின் ரைசன் 7000 வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஸ்டிக் போட்டால் 5200 வரைக்கும்தான் நிறுவனம் உறுதி சொல்கிறது. நான்கு ஸ்டிக் போட்டால் அந்த உறுதி 3600க்கு இறங்கிவிடுகிறது. இரண்டு மூட்டையோடு ஓடுகிறவர் நாலு மூட்டையோடு அதே ஓட்டம் ஓட முடியாது.

நம் தம்பி கம்ப்யூட்டரில் நடந்ததும் இதுவேதான். முதலில் இரண்டு ஸ்டிக், 6000இல், ஒரு வருடம் தொந்தரவில்லாமல் ஓடியது. பெரிய ஆல்பம் வேலைகள் வர ஆரம்பித்ததும் அதே கம்பெனி, அதே எண் போட்ட இன்னும் இரண்டு ஸ்டிக் வாங்கிச் சொருகினார். பெயர் ஒன்றுதான். ஆனால் வேறு வேறு சமயத்தில் வாங்கும் ஸ்டிக்குகளில், ஒரே பெயரின் கீழ், உள்ளே வேறு சில்லுகள் இருக்கலாம். மாசி மாதம் சமாளித்தது. பங்குனியில் எப்போதாவது ஒரு நீலத்திரை. சித்திரையில் மதுரை வெயில் 40 டிகிரியைத் தொட்டபோது, மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அந்த அறையில், நாலு ஸ்டிக்கும் நெருக்கியடித்துக்கொண்டு 6000இல் ஓடியது. உச்சி வெயிலுக்கு அது தாங்கவில்லை.

சரி, உங்கள் கம்ப்யூட்டர் நிற்பதற்கும் இதுதான் காரணம் என்று எப்படிச் சந்தேகப்படுவது? ஒரு நல்ல அடையாளம், ஒவ்வொரு முறையும் வேறு வேறு விதமாகக் கோளாறு வருவது. இன்றைக்கு ஃபோட்டோஷாப் தானாக மூடிக்கொள்ளும், நாளைக்குப் பிரௌசர், மறுநாள் நீலத்திரை. நீலத்திரையில் வரும் பெயரும் மாறிக்கொண்டே இருக்கும்: ஒருநாள் மெமரி மேனேஜ்மென்ட், இன்னொருநாள் ஐ.ஆர்.கியூ.எல். நாட் லெஸ் ஆர் ஈக்வல், மற்றொருநாள் பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா. பெரிய ஜிப் கோப்பை விரிக்கும்போது சி.ஆர்.சி. பிழை (விரித்த தகவல் மூலத்தோடு ஒத்துப்போகவில்லை என்ற எச்சரிக்கை) வரும். மறுபடி விரித்தால் வராது. இந்த அடையாளம் கிடைத்தால் நான் நேராக ராமைத்தான் பார்ப்பேன்.

அடையாளம் வேறாக இருந்தால் காரணமும் வேறாக இருக்கலாம். எப்போதும் ஒரே மென்பொருள், ஒரே வேலையின்போது மட்டும் மூடிக்கொண்டால் அந்த மென்பொருளைப் பாருங்கள். நீலத்திரை ஏதும் இல்லாமல் பட்டென்று அணைந்துபோனால் எஸ்.எம்.பி.எஸ்., யு.பி.எஸ்., வீட்டு வயரிங், பிராசஸர் சூடு என்ற வரிசையில் பாருங்கள். விளையாட்டில் மட்டும் திரையில் கோடும் புள்ளியும் வந்தால் கிராபிக்ஸ் கார்டு.

"ஃபார்மட் போட்டுப் பார்த்துவிடலாமா?" வேண்டாம். இதை அழுத்திச் சொல்கிறேன். விண்டோஸைப் புதிதாகப் பதியும்போது அந்தக் கோப்புகள் அத்தனையும் ராம் வழியாகத்தான் எஸ்.எஸ்.டி.க்குப் போகின்றன. ராமில் பிழை இருந்தால் பிழையான விண்டோஸைத்தான் நட்டுவைப்பீர்கள். தம்பி இரண்டாவது முறை ஃபார்மட் போட்ட பிறகு நிலைமை முன்னைவிட மோசமானதற்கு இது காரணமாக இருந்திருக்கலாம். மென்பொருள்மேல் பழிபோடுவது எல்லோருக்கும் நடப்பதுதான். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் கம்ப்யூட்டரே 2022 அக்டோபரில் ராம் ஸ்டிக் கெட்டுப்போனதால் மக்கர் செய்தது. அவரும் முதலில் புதிதாக எழுதப்பட்ட நிரலைத்தான் சந்தேகப்பட்டார்.

இனி செய்முறைக்கு வருவோம். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ், அதற்குள் மெமரி. கீழே ஸ்பீட் என்று ஓர் எண் இருக்கும். அதுதான் இப்போது ராம் ஓடும் வேகம். எத்தனை ஸ்லாட் (ஸ்டிக்கைச் சொருகும் இடம்) நிரம்பியிருக்கிறது என்பதும் பக்கத்திலேயே இருக்கும். இரண்டையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வேறு சில மென்பொருள்கள் 3200ஐ 1600 என்று காட்டும். பயப்பட வேண்டாம். ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தகவல் போவதால் வரும் வித்தியாசம் அது; இரண்டும் ஒரே வேகம்தான்.

டி.டி.ஆர்.4 ராம் 3200க்கு மேலே ஓடினாலோ, டி.டி.ஆர்.5 ராம் உங்கள் பிராசஸருக்கு நிறுவனம் உறுதி சொன்ன எண்ணுக்கு மேலே ஓடினாலோ, ஓவர்கிளாக் ஆகியிருக்கிறது என்று அர்த்தம். பிராசஸரின் பெயரைப் போட்டு அதன் நிறுவனப் பக்கத்தில் தேடினால் அந்த எண் கிடைக்கும். டி.டி.ஆர்.4 ஸ்டிக்கர் 3200 என்று சொல்லி, கூடவே 1.35 வோல்ட் என்றும் சொன்னால் அதுவும் எக்ஸ்.எம்.பி. வேகம்தான்.

அடுத்து, பயாஸுக்குள் (விண்டோஸ் எழும்புவதற்கு முன்னால் மதர்போர்டு தானே காட்டும் அமைப்புத் திரை) போக வேண்டும். ரீஸ்டார்ட் செய்துவிட்டு, திரை வருவதற்கு முன்பிருந்தே டெலீட் பட்டனைத் தட்டிக்கொண்டே இருங்கள். சில போர்டுகளில் எஃப்2. அதற்கு முன் ஒரு வேலை: பிட்லாக்கர் (எஸ்.எஸ்.டி.யைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) ஆனில் இருந்தால், பயாஸில் கைவைத்த பிறகு 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கக்கூடும். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். முன்கூட்டியே எடுத்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ராமைச் சரிசெய்யப் போய் எஸ்.எஸ்.டி. பூட்டிக்கொண்டு நிற்கும்.

உள்ளே போனதும் எதையும் மாற்றாமல் முதலில் திரையைச் செல்போனில் படம் எடுங்கள். பிறகு எக்ஸ்.எம்.பி., எக்ஸ்போ, டி.ஓ.சி.பி. என்ற பெயர்களில் ஒன்றைத் தேடுங்கள். போர்டுக்குப் போர்டு பெயர் மாறும், வேலை ஒன்றே. அதை டிசேபிள் அல்லது ஆட்டோ ஆக்கிவிட்டு, எஃப்10 அழுத்திச் சேமித்து வெளியே வாருங்கள். டி.டி.ஆர்.5 போர்டாக இருந்தால் அடுத்த முறை திரை சில நிமிடம் கறுப்பாகவே இருக்கலாம். ராமோடு எந்த இடைவெளியில் பேசுவது என்று போர்டு புதிதாகப் பழகிக்கொள்ளும் நேரம் அது. பதறிப்போய்ப் பவர் பட்டனை அழுத்திவிடாதீர்கள்.

பத்து நிமிடம் கழித்தும் திரை வரவில்லையென்றால்? வயரைப் பிடுங்கிவிட்டு, மதர்போர்டில் இருக்கும் நாணய வடிவ பேட்டரியைக் கழற்றி, ஐந்து நிமிடம் விட்டு மறுபடி போடுங்கள். பயாஸ் ஆரம்ப நிலைக்குத் திரும்பிவிடும். ஆரம்ப நிலை என்றாலே மெதுவான, பத்திரமான வேகம்தான்.

இப்போது வழக்கம்போல் இரண்டு மூன்று நாள் வேலை செய்யுங்கள். முன்பு நின்ற அதே நேரத்தில், அதே வேலையைச் செய்து பாருங்கள். நிற்கவில்லையென்றால் உங்கள் கோளாறு அகப்பட்டுவிட்டது. தம்பி கம்ப்யூட்டரில் நாலு ஸ்டிக்கும் 3600க்கு இறங்கியது. அன்று மத்தியானத்திலிருந்து நீலத்திரை வரவில்லை.

வேகத்தைக் குறைத்தும் நிற்கிறது என்றால், ஸ்டிக்கே கெட்டிருக்கலாம். அப்போது மெம்டெஸ்ட்86 பிளஸ் (ராமில் எழுதி, திரும்பப் படித்து, ஒப்பிட்டுப் பார்க்கும் இலவச மென்பொருள்) உதவும். அதை ஒரு காலி பென்டிரைவில் ஏற்ற வேண்டும். பென்டிரைவில் ஏற்கெனவே இருப்பது அழிந்துபோகும். அதிலிருந்து கம்ப்யூட்டரைத் துவக்கினால் சோதனை தானாக ஓடும். துவங்க மறுத்தால் பயாஸில் செக்யூர் பூட் என்பதைச் சோதனை முடியும் வரை அணைத்துவைக்க வேண்டியிருக்கும். நாலு சுற்றாவது ஓடட்டும். 32 ஜி.பி. என்றால் பல மணி நேரம் பிடிக்கும்.

எத்தனை பிழை வரை பரவாயில்லை? ஒன்றுகூட வரக் கூடாது. ஒரு சிவப்பு வரி வந்தாலே அந்த வேகம் உங்கள் கம்ப்யூட்டருக்கு ஆகாது. பொதுத்தர வேகத்திலேயே சிவப்பு வந்தால் ஒவ்வொரு ஸ்டிக்காகப் போட்டுச் சோதித்து, எது என்று கண்டுபிடித்துக் கடைக்குக் கொண்டுபோங்கள். ராமுக்குப் பல நிறுவனங்கள் பத்தாண்டு, அதற்கும் மேல்கூட வாரண்டி தருகின்றன. பில்லைத் தேடி எடுத்துவையுங்கள்.

ஒரு விஷயத்தை இங்கே கவனிக்க வேண்டும். தம்பியின் கம்ப்யூட்டரை எனக்கு முன்னால் பார்த்த சர்வீஸ்காரர் இந்தச் சோதனையைச் செய்யாமல் இல்லை. ராத்திரி முழுக்க ஓடவிட்டிருக்கிறார். காலையில் பிழை பூஜ்யம். ராம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் செய்தது ஒன்றே ஒன்றுதான்: அதே 6000 வேகத்தில், அதே சோதனையை மத்தியானம் ஒரு மணிக்கு, ஜன்னல் பக்கத்து மேசையில், கேபினட் வழக்கமாக இருக்கும் அதே இடத்தில் ஓட்டினேன். நாற்பது நிமிடத்தில் முதல் சிவப்பு வரி வந்தது. கோளாறு எந்த நேரத்தில் வருகிறதோ அந்த நேரத்தில்தான் சோதனை செய்ய வேண்டும். மெம்டெஸ்ட் ஓடும்போது கிராபிக்ஸ் கார்டு சும்மா இருக்கும் என்பதால் கேபினட் முழுச் சூட்டுக்கு வராது. விண்டோஸுக்குள்ளேயே ஓடும் டெஸ்ட்மெம்5, ஓ.சி.சி.டி. போன்றவற்றையும் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது நல்லது.

வழக்கமான வைத்தியம் ஒன்று உண்டே, ஸ்டிக்கைக் கழற்றி அழிரப்பரால் தேய்த்துப் போடுவது, அது பலிக்காதா? தங்கநிற முனையில் அழுக்குப் படிந்து தொடர்பு விட்டுப்போயிருந்தால் பலிக்கும். தேய்த்த துகள் ஸ்லாட்டில் விழாமல் மெல்லிய பிரஷ்ஷால் துடைத்துவிடுங்கள். ஆனால் வேகம் கூடிப்போனதால் வரும் கோளாறுக்கு அது மருந்தாகாது. கழற்றிப் போட்டதில் கம்ப்யூட்டர் கொஞ்சம் ஆறியிருக்கும், அதனால் ஒரு மணி நேரம் நன்றாக ஓடும். சரியாகிவிட்டது என்று நினைத்துவிடுவோம்.

இனி சொல்லப்போவதுதான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கிற விஷயம். கம்ப்யூட்டர் நின்றுபோவது உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது. நிற்காமல் ஓடிக்கொண்டே ஒரு 1ஐ 0 ஆக மாற்றிவிட்டால் யாருக்குத் தெரியும்? 2003 மே மாதம் பெல்ஜியத் தேர்தலில், பிரஸ்ஸல்ஸின் ஸ்கார்பேக் பகுதியில் ஒரு வேட்பாளருக்கு, வரவே முடியாத அளவு ஓட்டு விழுந்திருந்தது. திரும்ப எண்ணினால் சரியாக 4096 ஓட்டு கூடுதல். பன்னிரண்டு இரண்டுகளைப் பெருக்கினால் வரும் எண் அது. கம்ப்யூட்டர் நினைவகத்தில் ஒரே ஒரு குடம் 0இலிருந்து 1க்கு மாறினால் அப்படி ஆகும். விண்வெளியிலிருந்து வரும் கதிர் ஒன்று தாக்கியிருக்கலாம் என்பது அன்றைக்குச் சொல்லப்பட்ட விளக்கம். அங்கே எண் பொருந்தாததால் பிடிபட்டது. உங்கள் கணக்குப் புத்தகத்திலோ கல்யாணப் படத்திலோ நடந்தால் எது காட்டிக்கொடுக்கும்?

தம்பி அறையில் உட்கார்ந்து, பங்குனியில் நடந்த ஒரு கல்யாணத்தின் படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தோம். ஒரு படத்தில் பெண்ணின் நெற்றிச்சுட்டி, கண், மூக்குத்தி எல்லாம் துல்லியமாக இருந்தது. தோளுக்குக் கீழே அரக்குப் பட்டு ஒரே கோடாக வெட்டுப்பட்டு, பச்சையும் சாம்பலுமாகப் பட்டை பட்டையாக இழுத்துக்கொண்டு போனது. ஃபோல்டரில் சின்னதாகத் தெரியும் படம் மட்டும் ஒரு குறையும் இல்லாமல் இருந்தது. கேமரா அந்தச் சின்னப் படத்தைக் கோப்புக்குள் தனியாக எழுதிவைக்கிறது. அதில் பிழை விழவில்லை. அதனால்தான் இரண்டு மாதமாக யார் கண்ணிலும் படவில்லை. கார்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு இறக்கியபோது, ராமைத் தாண்டிய அந்த ஒரு நொடியில் படம் கெட்டிருக்கிறது.

ஆகவே, ராமில் சந்தேகம் வந்த நிமிடத்திலிருந்து சில வேலைகளை நிறுத்திவையுங்கள். புதுப் படம் இறக்காதீர்கள். பழைய பேக்கப்மேல் புதிதாக பேக்கப் எடுக்காதீர்கள். நல்லது இருந்த இடத்தில் கெட்டது உட்கார்ந்துவிடும். கேமரா கார்டை அழிக்காதீர்கள். கணக்கு வேலை செய்கிறவர்கள் ஜி.எஸ்.டி. தாக்கலை வேறு கம்ப்யூட்டரில் செய்துகொள்ளுங்கள். வேகத்தைக் குறைத்து, சோதனை தேறியபிறகு, கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து எஸ்.எஃப்.சி. ஸ்கேன்னௌ (sfc /scannow) என்ற கட்டளையைக் கொடுத்தால் விண்டோஸ் தன் கோப்புகளைச் சரிபார்த்துத் திருத்திக்கொள்ளும். உங்கள் கோப்புகளை நீங்கள்தான் பார்க்க வேண்டும். கார்டு இன்னும் அழியாமல் இருந்தால் திரும்ப இறக்குங்கள். நகலெடுத்த பிறகு மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி டெராகாப்பி போன்ற மென்பொருள்களில் உண்டு.

"டி.டி.ஆர்.5 தானே பிழையைத் திருத்திக்கொள்ளுமாமே?" என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்கிறார்கள். சில்லுக்குள் ஒரு குடம் தவறினால் அது திருத்தும். சில்லிலிருந்து பிராசஸருக்குப் போகும் வழியில் நடக்கும் தவறு அதன் கண்ணில் படாது. வேகத்தை ஏற்றினால் தவறு அதிகம் நடப்பது அந்த வழியில்தான்.

வேகத்தைக் குறைத்தே வைத்துக்கொள்ளலாமா, வேலை மந்தமாகாதா? ஆல்பம், டி.டி.பி., கணக்கு, படிப்பு, வீட்டு உபயோகம் எதுவானாலும் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். கையில் வித்தியாசம் தெரிவது கடினம். பெரிய படங்களோடு வேலை செய்கிறவர்களுக்கு ராம் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் முக்கியம், எவ்வளவு வேகம் என்பது அதற்கு அடுத்துத்தான். விளையாடுகிறவர்களுக்குச் சில விளையாட்டுகளில் வித்தியாசம் தெரியும். என்னைக் கேட்டால், பிழைப்பு நடக்கும் கம்ப்யூட்டரில் கூடுதல் வேகம் வேண்டவே வேண்டாம்.

வேகமும் வேண்டும் என்றால் வழி இருக்கிறது. நாலு ஸ்டிக்குக்குப் பதிலாக, ஒரே டப்பாவில் வரும் பெரிய இரண்டு ஸ்டிக் வாங்குங்கள். பெரும்பாலான போர்டுகளில் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போட வேண்டும். மதர்போர்டுக்குப் புதிய பயாஸ் வந்திருந்தால் ஏற்றுங்கள். ராமோடு ஒத்துப்போகும் திறன் அதில் கூடும். ஆனால் பயாஸ் ஏற்றும்போது கரண்ட் போனால் போர்டே போய்விடலாம். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவித்த நாளில் அந்தப் பக்கமே போகாதீர்கள். மற்ற நாளிலும் யு.பி.எஸ். இருந்தால் மட்டும் செய்யுங்கள். பிறகு எக்ஸ்போவை ஆன் செய்து, 6000 தாங்காவிட்டால் 5600, அதுவும் தாங்காவிட்டால் 5200 என்று ஒவ்வொரு படியாக இறக்கி, ஒவ்வொரு படியிலும் சோதியுங்கள்.

வோல்ட்டை மட்டும் நீங்களாகக் கூட்டாதீர்கள். 2023 ஏப்ரலில் ரைசன் 7000 வரிசைப் பிராசஸர்கள் சில எரிந்துபோன செய்தி வந்தது. எக்ஸ்போவை ஆன் செய்ததும் சில போர்டுகள் பிராசஸரின் ஒரு பகுதிக்கு அளவுக்கு மீறி வோல்ட் கொடுத்ததைக் கண்டறிந்து, 1.3 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது என்று ஏ.எம்.டி. கட்டுப்படுத்திப் புது பயாஸ் வெளியிட வைத்தது. அந்தக் காலத்துப் போர்டை இன்னும் பழைய பயாஸோடு வைத்திருந்தால், முதலில் அதை மாற்றுங்கள்.

வெயிலுக்குச் செய்ய வேண்டியது எளிது. கம்ப்யூட்டர் டேபிளின் மூடிய அறைக்குள் கேபினட்டை அடைக்காதீர்கள். பின்பக்கத்துக்கும் சுவருக்கும் ஒரு முழம் இடம் விடுங்கள். சிம்மக்கல் மாதிரி ஓயாமல் வண்டி போகும் இடத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது தூசியை ஊதி எடுங்கள். ராம் ஸ்டிக்குக்கு நேராக ஒரு சிறு ஃபேன் காற்று பட்டாலே நல்ல வித்தியாசம் இருக்கும்.

ஒருமுறை சரியாக ஓடிவிட்டால் இனி வராதா? 2011இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் ஏறத்தாழ பத்து லட்சம் வீட்டுக் கம்ப்யூட்டர்களின் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். ராம் பிழையால் ஒருமுறை நின்ற கம்ப்யூட்டர், அதே காரணத்தால் மறுபடி நிற்பதற்கு வாய்ப்பு மிக அதிகம் என்று தெரிந்தது. ஆகவே, ஒரு நீலத்திரையோடு நின்றுவிட்டது, பிறகு வரவில்லை என்று விட்டுவிடாதீர்கள். தேதி, நேரம், திரையில் வந்த பெயர் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கேபினட் மேல் ஒட்டிவையுங்கள். அடுத்து வரும் சர்வீஸ்காரருக்கு அந்தத் தாள் பெரிய உதவி.

தம்பியின் கேபினட் மேல் இப்போது அப்படி ஒரு தாள் இருக்கிறது. முதல் வரியில் "3600, நாலு ஸ்டிக், எக்ஸ்போ ஆஃப்" என்று எழுதியிருக்கிறார். அந்த இரண்டு மாதத்தில் இறக்கிய படங்களில் பதினாலு கெட்டிருந்தன. இரண்டு கார்டு அழியாமல் இருந்ததால் ஒன்பது படங்களைத் திரும்ப எடுக்க முடிந்தது. மூன்றாவது கார்டில் அடுத்த வாரக் கல்யாணத்தை எடுத்துவிட்டார்கள். அதிலிருந்த ஐந்து படங்களில் ஒன்று, அரக்குப் பட்டு கட்டிய அந்தப் பெண்ணும் அவளுடைய பாட்டியும் சேர்ந்து நின்ற படம். தம்பி அவர்கள் வீட்டுக்கு நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.